படிவம் 5 வந்தால் ஓட்டம் நிற்க வேண்டுமா?

"எஸ்பிஎம் ஆண்டு வந்துவிட்டது. ஓடியது போதும், இனிமேல் புத்தகத்தை எடு." நம் வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் பேச்சு இது. மாவட்ட அளவில் ஓடி, மாநில அளவுக்குப் போய்ப் பதக்கம் வாங்கிய பிள்ளைகூட அந்தப் பேச்சோடு ஓட்டக் காலணியை அலமாரிக்கு மேலே வைத்துவிடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் பல வீடுகளில் படிவம் 3 முடியும்போதே இந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

பெற்றோரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களின் பயம் நியாயமானது. ஓட்டப்பந்தயத்தை நம்பிப் பிழைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? காலில் ஒரு தசை கிழிந்தால் எல்லாம் முடிந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அது எங்கும் போய்விடாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஓர் அப்பாவோ அம்மாவோ இப்படித்தான் யோசிப்பார்கள்.

ஆனால் இந்த யோசனைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. ஓட்டத்துக்குக் கொடுக்கும் நேரம் படிப்பிலிருந்து எடுத்த நேரம், இரண்டும் ஒன்றையொன்று தின்னும் என்பதே அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடமும் உதவித்தொகையும் தேடும் ஓர் இடைநிலைப்பள்ளி ஓட்டக்காரருக்கு இந்த அனுமானம் முழுக்கத் தவறு. அங்கே ஓட்ட நேரத்தையும் மதிப்பெண்ணையும் ஒரே மேசையில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒன்றைக் கைவிட்டவருக்கு மற்றதன் மதிப்பும் குறைந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்தும் அதே இரண்டு ஆண்டுகள்தாம் அந்தப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் ஓட்டக்காரர்களைத் தேடும் ஆண்டுகள் என்பது இதில் வருத்தமான செய்தி.

அங்கே நடப்பது என்ன?

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது வார இறுதிப் பொழுதுபோக்கு அன்று. ஏறக்குறைய 1,100 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் கீழ் மூன்று பிரிவுகளாகப் போட்டியிடுகின்றன. முதல் பிரிவில் பெரிய பெயர்கள் இருக்கும். இரண்டாம் பிரிவில் பெரும்பாலும் நடுத்தர அளவுள்ள பல்கலைக்கழகங்கள். இந்த இரு பிரிவுகளிலும் விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் உண்டு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு காசுகூடக் கொடுக்க மாட்டார்கள். இவற்றுக்கு வெளியே என்ஏஐஏ என்ற அமைப்பும், ஈராண்டுக் கல்லூரிகளுக்கான என்ஜேசிஏஏ என்ற அமைப்பும் இருக்கின்றன. அவற்றிலும் உதவித்தொகை பெற வழியுண்டு.

மூன்றாம் பிரிவு என்றதும் தரம் குறைந்த கல்லூரிகள் என்று நினைத்துவிட வேண்டாம். எம்ஐடியின் திடல்தடக் குழு ஓடுவது மூன்றாம் பிரிவில்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய ஐவி லீக் முதல் பிரிவில் இருந்தாலும், விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அங்கே ஒரு பயிற்றுநர் செய்யக்கூடியது வேறொன்று. தமக்கு வேண்டிய ஓட்டக்காரரின் பெயரைச் சேர்க்கை அலுவலகத்திடம் சொல்லி ஆதரவு தெரிவிப்பார். அந்த ஆதரவுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் மதிப்பெண் குறைந்த மாணவருக்காக அவர் அந்த ஆதரவைச் செலவழிக்க மாட்டார்.

பயிற்றுநர் எதைத் தேடுகிறார்? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கான்ஃபரன்ஸ் எனப்படும் ஒரு கூட்டணியில் இருக்கும். ஆண்டு இறுதியில் அந்தக் கூட்டணியின் வெற்றியாளர் போட்டி நடக்கும். பொதுவாக முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளிகளை யார் கொண்டுவருவார் என்பதுதான் பயிற்றுநரின் கவலை. ஆகவே 'நான் அமெரிக்காவில் ஓட முடியுமா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கும் கூட்டணியில் சென்ற ஆண்டு எட்டாவதாக வந்தவரின் நேரத்தைப் பாருங்கள். முடிவுகள் எல்லாம் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. உங்கள் நேரம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா, இன்னும் இரண்டு ஆண்டு பயிற்சியில் அதை எட்டுவீர்களா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நம் பிள்ளைகளுக்குச் சாதகமான இன்னொன்றும் உண்டு. அங்கே இலையுதிர் காலத்தில் குறுக்கோட்டம், குளிர்காலத்தில் உள்ளரங்கப் போட்டி, வசந்தத்தில் திறந்தவெளித் திடல்தடம் என்று மூன்று பருவங்கள். 800 மீட்டரும் 1,500 மீட்டரும் ஓடும் ஒருவர் மூன்று பருவத்திலும் அணிக்குப் பயன்படுவார். 100 மீட்டரில் ஓர் அங்குலத்தில் தோற்றுப் போகிறவர்களின் கூட்டம் உலகம் முழுக்கப் பெரிது. நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் வழி சற்று அகலம்.

12.6-ஐப் பங்கு போடும் கணக்கு

'முழு உபகாரச் சம்பளம்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். திடல்தடத்தில் அது அரிது. காரணம் எளிமையான வகுத்தல் கணக்கு.

இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் ஆண்கள் திடல்தட, குறுக்கோட்டக் குழுவுக்கு அதிகபட்சம் 12.6 முழு உபகாரச் சம்பளங்களுக்கு ஈடான தொகையைத்தான் கொடுக்கலாம். பெண்கள் குழுவுக்கும் அதே 12.6. இதைப் பயிற்றுநர் விருப்பம்போல் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். குழுவில் 36 பேர் இருந்து சமமாகப் பிரித்தால் ஒருவருக்குக் கிடைப்பது 0.35. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். நடைமுறையில் நட்சத்திர வீரருக்கு அதிகம் போகும், புதியவருக்கு இன்னும் குறையும். பல பல்கலைக்கழகங்களிடம் அந்த 12.6-ஐ முழுமையாகக் கொடுக்கவே நிதி இல்லை.

முதல் பிரிவில் 2025 ஜூனில் பெரிய மாற்றம் வந்தது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு உபகாரச் சம்பள எண்ணிக்கையில் இருந்த உச்சவரம்பு நீங்கியது. அதற்குப் பதிலாகக் குழுவின் அளவுக்கு வரம்பு வந்தது. திடல்தடத்துக்கு 45 பேர், குறுக்கோட்டத்துக்கு 17 பேர். கேட்பதற்கு நல்ல செய்திபோல் இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு நீங்கியதால் மட்டும் பணம் வந்துவிடாது. பெரும்பாலான இடங்களில் அந்தப் பணம் அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் முதலில் போகிறது. முன்பு 'உதவித்தொகை வேண்டாம், குழுவில் சேர்த்துக்கொண்டால் போதும்' என்று நுழைந்தவர்களுக்கு இப்போது அந்த இடமும் சுருங்கிவிட்டது.

மதிப்பெண் எங்கே உதவுகிறது?

இங்கேதான் படிப்பு உள்ளே வருகிறது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்காக 35 விழுக்காடு, அதாவது 14,000 டாலர் கிடைக்கிறது. மீதி 26,000. நான்கு ஆண்டுக்கு 104,000 டாலர். ரிங்கிட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு. வீட்டை அடகு வைத்தாலும் நம்மில் பலருக்குக் கட்டாது.

அதே ஓட்டக்காரரிடம் நல்ல எஸ்பிஎம் முடிவும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்து, கல்வித் தகுதிக்காக ஆண்டுக்கு 15,000 டாலர் கிடைத்தால் மீதி 11,000. இப்போதும் சின்னத் தொகை அன்று. ஆனால் குடும்பம் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு தொகை. வளாகத்துக்குள் பகுதிநேர வேலை செய்ய மாணவர் விசாவில் அனுமதி உண்டு. கற்றல் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. ஓட்டக்காரருக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது என்றாலும் கைச்செலவுக்கு உதவும்.

இப்போது பயிற்றுநரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். உங்களிடம் பிரித்துக் கொடுக்கச் சிறு தொகைதான் இருக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் இருவர் எழுதுகிறார்கள். ஒருவருக்குப் பல்கலைக்கழகம் கல்விக்காகவே பாதி கொடுக்கும். மற்றவருக்கு எல்லாவற்றையும் உங்கள் பையிலிருந்தே கொடுக்க வேண்டும். யாரை எடுப்பீர்கள்? ஒரு விநாடி மெதுவாக ஓடினாலும் முதலாமவரை எடுக்கும் பயிற்றுநர் பலர் இருப்பார்கள். நல்ல மதிப்பெண் உங்களை 'மலிவான' ஓட்டக்காரராக ஆக்குகிறது. இந்தச் சொல் அழகாக இல்லைதான். ஆனால் வரவுசெலவுத் திட்டத்தோடு ஓடும் குழுவுக்கு இது உண்மை.

மதிப்பெண் இல்லாமல் உள்ளே நுழையவும் முடியாது. முதல் இரு பிரிவுகளில் ஓட என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் உள்ளிட்ட 16 முக்கியப் பாடங்களை அவர்கள் பார்க்கிறார்கள். நான்கு புள்ளி அளவுகோலில் முதல் பிரிவுக்கு 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2 குறைந்தபட்சச் சராசரி. 2023 முதல் எஸ்ஏடி தேர்வை என்சிஏஏ கேட்பதில்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சேர்க்கைக்கு அதை மீண்டும் கேட்கத் தொடங்கியுள்ளன.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. வெளிநாட்டு மாணவரிடம் அவர்கள் கேட்பது ஒன்பதாம் ஆண்டிலிருந்தான பள்ளிப் பதிவுகள். நம் கணக்கில் அது படிவம் 3. எஸ்பிஎம் சான்றிதழ் மட்டும் போதாது. மலாயில் உள்ள பள்ளி அறிக்கைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். 'படிவம் 3-இல் தேர்வே இல்லை, விளையாடிக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் பிறகு அந்த அறிக்கை அட்டையைத் தேடி அலைய நேரிடும்.

நேரத்தை யார் பதிவு செய்தார்கள்?

மதிப்பெண்ணுக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஓட்டத்துக்கு? இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தோற்றுப் போகிறார்கள்.

மாவட்டப் போட்டியில் ஆசிரியர் ஒருவர் கோட்டருகே நின்று கைக் கடிகாரத்தை அமுக்குகிறார். துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்து விரல் அசையும் முன்பே ஓட்டக்காரர் கிளம்பிவிடுகிறார். அதனால் கையால் எடுத்த நேரம் உண்மையைவிட வேகமாகத் தெரியும். 100, 200 மீட்டர் ஓட்டங்களில் கை நேரத்தோடு 0.24 விநாடியைக் கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவார்கள். '11.0 ஓடினேன்' என்று நீங்கள் எழுதினால் பயிற்றுநர் 11.24 என்று படிப்பார். அல்லது நம்பாமலே விட்டுவிடுவார். விரைவோட்டத்தில் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசியிருந்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. காற்றளவே இல்லாத முடிவைப் பார்த்து அவர் என்ன செய்வார்?

எம்எஸ்எஸ்எம், சுக்மா, தேசிய அளவிலான திறந்த போட்டிகள் போன்றவற்றில் மின்னணு நேரம் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அப்படிப்பட்ட போட்டியில் ஓடிவிட வேண்டும். முடிவு வெளியான தாளை அன்றே பத்திரப்படுத்த வேண்டும். நேரம், தேதி, இடம், கைக்கடிகாரமா மின்னணுவா, காற்று எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தின் படத்தைவிட அந்தப் பக்கம்தான் பேசும்.

பிறகு நீங்களே பயிற்றுநருக்கு எழுதலாம். யாருடைய சிபாரிசும் வேண்டாம். முதல் பிரிவுப் பயிற்றுநர்கள் மாணவருக்குப் பதில் எழுத வயது, வகுப்பு சார்ந்த விதிகள் உண்டு. அமெரிக்கப் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்குப் பிறகுதான் அவர்கள் தொடர்புகொள்ளத் தொடங்கலாம். நம் படிவம் 4-க்கு ஏறக்குறைய ஒத்த காலம் அது. மாணவர் எழுதுவதற்கு அப்படித் தடை இல்லை. பத்து வரி போதும். பெயர், பிறந்த ஆண்டு, ஓடும் தூரங்கள், சரிபார்க்கக்கூடிய நேரங்கள், பள்ளி மதிப்பெண், எந்தத் துறை படிக்க விருப்பம், எப்போது பள்ளி முடிகிறது, குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும். கடைசி விவரத்தை எழுதக் கூச்சப்பட வேண்டாம். அவர்கள் முதலில் அறிய விரும்புவதே அதுதான்.

படிவம் 4-இல் ஓட்டத்தை நிறுத்திய ஒரு மாணவருக்கு இந்தக் கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது. படிவம் 3-இல் ஓடிய நேரத்தை வைத்துப் பதினெட்டு வயதுக்காரரை யாரும் எடைபோட மாட்டார்கள். பயிற்றுநர்கள் தேடுவது வளர்ச்சிக் கோட்டை. 15 வயதில் இவ்வளவு, 16-இல் இவ்வளவு, 17-இல் இவ்வளவு என்று நேரம் குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடாது

இதையெல்லாம் படித்து யாரும் உடனே பெட்டியைக் கட்ட வேண்டாம். ஆபத்துகளும் உண்டு.

முதலாவது, உபகாரச் சம்பளம் பல இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையில், காயம் பட்டால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பயிற்றுநர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம். அவர் வாய்வார்த்தை அவரோடு போய்விடும்.

இரண்டாவது, இடைத்தரகர்கள். 'அமெரிக்காவில் இடம் வாங்கித் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும் உபகாரச் சம்பளத்தில் பங்கு கேட்பது என்சிஏஏ விதிகளுக்கே எதிரானது. அப்படி ஒப்பந்தம் போட்டால் மாணவரின் தகுதிக்கே ஆபத்து வரலாம். அவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி நான் மேலே சொன்ன பத்து வரிக் கடிதம்தான்.

மூன்றாவது, காலம். பள்ளி முடித்தபின் பல்கலைக்கழகத்தில் சேராமல் நீண்ட நாள் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே ஓடக் கிடைக்கும் பருவங்கள் குறையலாம். எஸ்டிபிஎம் படித்துவிட்டுப் போக நினைப்பவர்கள் இதைத் தகுதி மையத்தின் விதிகளில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். விதிகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி மாறுகின்றன. மூத்த மாணவர் சொன்னார் என்று நம்பிவிடக் கூடாது.

நான்காவது, விளம்பர வருமானம். அமெரிக்க மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் கதைகளை நாம் காணொளிகளில் பார்க்கிறோம். மாணவர் விசாவில் போகும் நமக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, வாழ்க்கை. பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை கட்டாயப் பயிற்சி. கூடவே முழுநேர மாணவராகப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட். பேருந்தில் பல மணி நேரப் பயணம், விடுதியில் பின்னிரவு வரை வீட்டுப்பாடம். ஓட்டத்தையும் படிப்பையும் சேர்த்துப் பழகாமல் போகிறவர் முதல் பருவத்திலேயே திணறுவார். படிவம் 5-இல் ஐந்து மணி நேரம் பயிற்சி செய்து அதே வாரம் இயற்பியலும் படித்தவருக்கு அது புதிதாக இருக்காது.

அமெரிக்கா போகாதவர்களுக்கு?

பெரும்பாலோர் போக மாட்டோம். அதுவும் சரிதான். நம் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தகுதிப்புள்ளியின் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தைச் சின்னது என்று நினைப்பவர்கள், எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்து ஒரே துறைக்குப் போட்டியிடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் 4.0-க்குப் பக்கத்தில் நிற்கும்போது இடத்தை முடிவு செய்வது அந்தப் பத்துக்குள் இருக்கும் புள்ளிகள். மாநில, தேசிய அளவில் ஓடியவருக்கு அங்கே கை ஓங்கியிருக்கும். இங்கும் அதே கணக்குதான். மதிப்பெண் இல்லாமல் பதக்கம் மட்டும் உதவாது. மதிப்பெண் சமமாகும்போது பதக்கம் உதவும்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. டாக்டர் எம். ஜெகதீசனைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ ஒலிம்பிக் போட்டிகளில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனார். மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 விநாடி ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேசியச் சாதனையாக நின்றது. பிறகு மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். மருத்துவப் படிப்பைவிடக் கடினமான எஸ்பிஎம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

நம் காலத்தவர் ஒருவரும் இருக்கிறார். ஷெரீன் சாம்சன் வல்லபோய். மினசோட்டா மாநிலத்தில், குளிர் எலும்பைத் துளைக்கும் ஊரில் உள்ள வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர். அது இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகம். நம்மில் பலர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 2023-இல் கம்போடியாவில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றார். அவர் பெற்றோர் இருவரும் நாட்டுக்காக ஓடியவர்கள். அப்படிப்பட்ட வீடு எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் 'பெரிய பெயர் இல்லாத பல்கலைக்கழகம்' என்று ஒதுக்காமல் போன ஒருவரால் அங்கிருந்தே நாட்டுக்குத் தங்கம் கொண்டுவர முடிந்தது என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. படிவம் 4, 5-இல் வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒன்றே கால் மணி நேரம். கூட்டினால் ஐந்து மணி நேரம். ஒரு பிள்ளை கைப்பேசியில் கழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது எதுவுமில்லை. பிரத்தியேக வகுப்பு அட்டவணையைப் போடும்போது திடலுக்கும் ஒரு கட்டத்தை ஒதுக்குங்கள். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் பயிற்சியைக் குறைக்கலாம். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. நிறுத்தியவர் திரும்பி வருவது கடினம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவரின் நேரத்தை எழுதி வைத்துக் கொடுங்கள். அறிக்கை அட்டையின் நகலைப் பள்ளி முத்திரையோடு கொடுங்கள். நம் சமூக அமைப்புகள் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் திடல்தடப் போட்டி நடத்துகின்றன. கூடாரத்துக்கும் மாலைக்கும் ஆகும் செலவில் கொஞ்சத்தை மின்னணு நேரக் கருவியை வாடகைக்கு எடுக்கச் செலவிட்டால், அன்று ஓடிய ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் உலகில் எங்கும் காட்டக்கூடிய ஓர் எண் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் மாணவர்களே, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை காயம் பட்டு ஓடவே முடியாமல் போனாலும் இந்தப் பல்கலைக்கழகத்தில், இந்தத் துறையில் படிப்பேனா? ஆம் என்றால் துணிந்து எழுதுங்கள். இல்லை என்றால் அந்த உபகாரச் சம்பளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம்.

அதுவரை, எஸ்பிஎம் வருகிறது என்பதற்காகக் காலணியை அலமாரியில் ஏற்றாதீர்கள். இந்த வாரமே படிவம் 3 அறிக்கை அட்டையைத் தேடி எடுங்கள், உங்கள் நேரங்களை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த மின்னணு நேரப் போட்டி எங்கே என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.